நான் வைத்த ஆலோசனைப் பெட்டி

இளம் பயிற்றுநர்களான நீங்கள் உங்கள் புதிய பயிற்சிக் கையேட்டின் பிரதி ஒன்றைப் போன கிழமை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அட்டை அழகாக இருக்கிறது. உள்ளே ஓரிடத்தில், "ஊழியர்கள் தயக்கமின்றிக் கருத்துச் சொல்வதற்கு, பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஆலோசனைப் பெட்டி ஒன்றை வைக்கலாம்" என்று ஒரு வரி. பழைய கையேட்டில் அந்த வரியை முதன்முதலில் எழுதியவள் நான்தான். பிறகு என் கையாலேயே அதை வெட்டினேன். இப்போது யாரோ தேடி எடுத்துத் திரும்பவும் சேர்த்திருக்கிறீர்கள். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுதலாக யோசித்தபோது, ஏன் வெட்டினேன் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் கல்லடியில் வணிகம் படிப்பித்தவள். இன்றும் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் பயிற்சிச் செயலமர்வு நடக்காத மண்டபம் இல்லை. சனம் ஒரு செயலமர்வில் சாப்பிட்டுக் கைகழுவி அடுத்ததில் போய் இருந்தது. அதை நடத்துகிற வளவாளர்களுக்குத்தான் தட்டுப்பாடு. வணிகம் தெரிந்த, தமிழில் கதைக்கக்கூடிய, உயிரோடு மிஞ்சிய ஒருத்தி என்ற தகுதியில் என்னையும் கூப்பிட்டார்கள். கொழும்பில் மூன்று மாதம் படித்துச் சான்றிதழோடு திரும்பினேன். படித்ததன் பெயர் நிறுவன மாற்ற முகாமைத்துவம். கேட்டவுடனே கொட்டாவி வரும். ஒரு கடையோ ஆலையோ பழைய வேலைமுறையை விட்டுப் புதியதற்குப் போகும்போது, அங்கே வேலை செய்கிறவர்கள் கைவிடப்படாமல் பார்த்துக்கொள்வது என்பதுதான் அதன் பொருள். அப்போது எனக்கு அது பாடமாகத் தெரிந்ததே தவிர, புரிந்திருக்கவில்லை.

யுத்தம் முடிந்த ஆண்டு, நகரில் ஒரு பெரிய பலசரக்குக் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு இரண்டு கடைகள் இருந்தன. கல்லடிக் கடையைக் கடல் கொண்டுபோயிற்று, அவருடைய தமையனையும் சேர்த்து. மிஞ்சிய ஆட்களில் ஒருவரையும் வேலையால் நிறுத்தாமல் எல்லோரையும் நகரக் கடையிலேயே வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். இனிக் கொழும்பிலிருந்து பெரிய பெரிய கடைகள் வரும், அதற்கு முன்னால் தன் கடையைச் சுப்பர்மார்க்கெட்டாக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அதுவரை சாமான் வாங்க வருகிறவர் கவுண்டருக்கு வெளியே நின்று கேட்பார். ஊழியர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார். இனி வாங்குகிறவரே கூடையோடு உள்ளே போய் எடுக்க வேண்டும், வாசலில் கம்பியூட்டரில் பில் போட வேண்டும். பதினேழு ஊழியர்களையும் இதற்குப் பழக்குவது என் வேலை.

முதல் சில நாள் சிரிப்பாகவே இருந்தது. சோதனைக்காக ஒரு மூலையில் சாமான் அடுக்கும் இறாக்கைகள் நாலு வைத்து, சனத்தை உள்ளே விட்டோம். உன்னிச்சையிலிருந்து வந்த ஒரு வயற்காரர் சீனி இறாக்கைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, இத நான் தொடலாமா?" என்று கேட்டார். எங்கள் ஆட்களோ, கூடை தூக்கிய ஒவ்வொருவருக்கும் பின்னால் கள்ளனைப் பிடிக்கிறவர்கள் மாதிரி ஒரு முழ இடைவெளியில் நடந்தார்கள்.

அந்தக் கடையில் கவுண்டருக்கு ராசா என்றால் தவராசாதான். இருபத்திரண்டு வருடம் அங்கே நின்றவர். ஒருவர் வாசலுக்குள் கால் வைக்கும்போதே அவர் வீட்டில் எத்தனை பேர், எந்த அரிசி சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கம்பியூட்டர் மட்டும் அவருக்கு ஏறவில்லை. அது ஏறியது வசந்திக்கு. தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை, இருபத்துமூன்று வயதிருக்கும். அதிகம் கதைக்க மாட்டாள், ஒருமுறை காட்டினால் போதும். நான் இரண்டு கிழமை பார்த்துவிட்டு, ஒரு காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அறிவித்தேன்: புதிய கடையில் வசந்தி சுப்பவைசர், தவராசா பின்பக்கக் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். தவராசாவும் தட்டினார். முதல்நாளே அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்திருக்க வேண்டும் என்பது அந்த நேரம் என் புத்தியில் தட்டவேயில்லை.

அதே கூட்டத்தில்தான் பெட்டியையும் மாட்டினேன். பூட்டோடு கூடிய மரப்பெட்டி, மேலே ஒரு வெட்டு. "மனசில் இருப்பதை எழுதிப் போடுங்கள், பெயர் எழுதத் தேவையில்லை, யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது" என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லோருக்கும் முன்னால் திறந்து சத்தமாக வாசிப்பேன், ஒளிவுமறைவு இல்லை என்றும் பெருமையாகச் சொன்னேன்.

தவராசா மட்டும் கேட்டார்: "பேர் போடாமலா டீச்சர்?"

"ஓம், பேர் வேண்டாம். அப்பதான் பயமில்லாம எழுதலாம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு அந்தக் காலம் கேள்விப்பட்டதுதான். எங்கள் ஊரில் பெயர் போடாத கடிதத்துக்கு மொட்டைக் கடிதம் என்று பெயர். ஒரு கொப்பித் தாள் துண்டு. இன்னார் மகன் இன்ன பக்கத்துக்கு ஆள் என்று ஒன்றரை வரி. அது எந்தப் பக்கத்துக்குப் போனாலும் சரி, மறுநாள் ஒரு வீட்டில் ஒருவர் இருக்க மாட்டார். காணி வேலிச் சண்டைக்கும் எழுதினார்கள், கலியாணம் குழம்பியதற்கும் எழுதினார்கள். என் தெருவிலேயே அப்படி இரண்டு வீடுகள் இருந்தன. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த நான்தான், கொழும்பில் படித்த பாடத்தைக் கொண்டுவந்து, பதினேழு பேர் வேலை செய்கிற இடத்தில் மொட்டைக் கடிதத்துக்குப் பெட்டி செய்து மாட்டினேன். வெளியூர்க்காரி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விடலாம். எனக்கு அந்தச் சாட்டும் இல்லை.

முதல் சனிக்கிழமை பெட்டிக்குள் டொபி சுற்றிய தாள் ஒன்று கிடந்தது. இரண்டாவது சனிக்கிழமை அதுவும் இல்லை. "என்ன, உங்களுக்கு ஒரு குறையும் இல்லையா? சொர்க்கத்திலயா வேலை செய்றீங்க?" என்று பேசினேன். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு துண்டு இருந்தது. ஒரு ஆளாவது எழுதிவிட்டதே என்று எனக்குப் புழுகம் தாங்கவில்லை. முதலாளி மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருக்கிறார், ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள், வசந்தி பில் போடும் இடத்தில் நிற்கிறாள். நான் துண்டை விரித்து, பார்த்த முதல் சொல்லையே சத்தமாக வாசித்தேன்.

"வசந்தி…"

அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை. எழுதியிருந்தது இதுதான்: வசந்தி இயக்கத்தில் இருந்தவள், பதியாமல் ஒளித்துத் திரிகிறாள்.

அப்போது நிலைமை எப்படி என்றால், இயக்கத்தில் இருந்தவர்கள் படையினரிடம் போய்ப் பதிய வேண்டும் என்று உத்தரவு. அந்த மாதங்களில் கடைகடையாகப் புலனாய்வு ஆட்கள் வந்து, யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இந்த ஒன்றரை வரி அந்த அறையைத் தாண்டினால் பின்னேரத்துக்குள் எங்கே போய்ச் சேரும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பிறகு வசந்தி திங்கட்கிழமை பஸ்ஸில் வருவாளா என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது. வாசிக்காமல் மடித்து வைத்தாலும் அவள் பாடு முடிந்தது. பெயரைச் சொல்லியாகிவிட்டது. மறைத்தால், மறைக்கிற அளவுக்கு அதில் என்ன என்று ஊர் முழுக்கக் கதைக்கும்.

என் கை நடுங்கியது. பயந்த நேரத்தில் எப்படி அந்தப் பொய் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துண்டைப் பார்த்தபடியே தொடர்ந்து வாசித்தேன்.

"வசந்தியும் மற்றப் பிள்ளைகளும் காலையிலயிருந்து பின்னேரம் மட்டும் நிண்டபடியே நிக்கிறாங்க. கால் வீங்குது. பில் போடுற இடத்தில இருக்கிறதுக்குக் கதிரை போட்டுத் தரவும்."

வரிசையில் ஒரு மூச்சு வெளியே வந்தது. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, "அட, இத வாயாலயே கேட்டிருக்கலாமே. நாலு கதிரை எடுப்பம்" என்றார். நான் துண்டை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

முதலாளி நல்லவர் என்றேன், மடையர் என்று சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் பின்னால் தேத்தண்ணி வைக்கிற இடத்துக்கு வந்தார். அங்கே நானும் அடுப்பும் மட்டும்தான்.

"டீச்சர், அந்தத் துண்டைத் தாங்க பாப்பம்."

"வாசிச்சாச்சுதானே தம்பி."

"நீங்க மூண்டு வசனம் வாசிச்சீங்க. துண்டு என்ட பெருவிரலளவு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்தும் வந்து பேர் கேட்டவங்க டீச்சர். ஆர வைச்சிருக்கன் எண்டு எனக்குத் தெரியோணும். கடல் கொண்டுபோனது போக எனக்கு மிஞ்சினது இந்தக் கடைதான். இதில பதினேழு குடும்பம் சாப்பிடுது. ஒரு ஆளுக்காக மற்றப் பதினாறையும் நடுத்தெருவில விடட்டா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். உங்களைக் கூப்பிட்டது முதலாளி, சம்பளம் தருவது முதலாளி, உங்களை நம்பி நிற்பது இன்னொருவர். அந்த நேரத்துக்குக் கையேட்டில் பக்கம் இல்லை. நான் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலைத் தூக்கி, துண்டை நெருப்பில் போட்டேன். அது எரிந்து முடிய ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

"என்ன டீச்சர் செய்றீங்க! அது என்ட கடைத் துண்டு!"

"தம்பி, அதப் பாத்தா நீங்க ஏதோ ஒண்டு செஞ்சாகோணும். பாக்காட்டி ஒண்டும் செய்யத் தேவையில்ல. வாறவங்க கேட்டா, தெரியா எண்டு மெய்யாவே சொல்லலாம். உங்களுக்கு நான் செஞ்ச உதவி இது."

அவர் என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அன்றோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடைசியில், "அந்தப் பெட்டியக் கழட்டுங்க. இப்பவே" என்று சொல்லிவிட்டுப் போனார். கழற்றினேன். ஆணிகளைப் பிடுங்கும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் வந்த அழுகை.

இரண்டு நாள் கழித்துக் களஞ்சியத்துக்குப் போனபோது தவராசா சீனி மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் கதிரை கேக்கல்லையே டீச்சர்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் வந்த ஆத்திரத்தில் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. ஒரு பொம்பிளைப் பிள்ளையின் உயிரோடு விளையாடினீரே, நீர் மனிதனா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. நான் களைத்து ஓய்ந்த பிறகு அவர் கதைத்தார்.

"என்ட தம்பிய இப்பிடி ஒரு துண்டாலதான் கூட்டிட்டுப் போனவங்க. திரும்பி வரல்ல. எழுதினவன் எங்கட ஊருக்குள்ளதான் எங்கயோ இருக்கான். ஆரெண்டு இண்டைக்கும் தெரியா."

"அது தெரிஞ்சும் எப்பிடி உங்களுக்குக் கை வந்திச்சு?"

"நீங்க பெட்டிய மாட்டினீங்க டீச்சர். ஒரு நாளைக்கு நாலு தரம் அதுக்கு முன்னால சாமான் தூக்கிட்டுப் போறன். நாலு தரமும் அது என்னைப் பாக்குது." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருசம் சனம் என்ட முகத்தப் பாத்துத்தான் சாமான் கேட்டது. இப்ப நான் சீனி மூட்டையோட கதைக்கிறன். அதுக்காக நான் செஞ்சது சரியெண்டு சொல்ல வரல்ல. எழுதிப் போட்ட நேரம் தொடங்கி எனக்குச் சோறு இறங்கல்ல."

கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி அங்கேயே என் பக்கம் திரும்பிவிட்டது என்பது உண்மை. அந்த மனிதரின் இருபத்திரண்டு வருடத்தை நான் ஒரு வாக்கியத்தில் தூக்கிக் களஞ்சியத்தில் போட்டேன், கைதட்டலோடு. பிறகு பேச வாயில்லாதவருக்குப் பேசுவதற்கென்று அந்தப் பெட்டியைக் கொடுத்தேன்.

ஆனாலும் வசந்திக்குச் சொல்லாமலிருப்பது துரோகம் என்று பட்டது. அன்று பின்னேரம் பஸ் நிற்கிற இடம் வரை அவளோடு நடந்தேன். நான் வாய் திறக்கும் முன்னே அவளே கேட்டாள்.

"டீச்சர், கதிரைக்கு ஏன் உங்கட கை நடுங்கினது?"

துண்டில் இருந்ததைச் சொன்னேன், எரித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் நடந்தபடியே சொன்னாள்.

"ஏழு மாசம் டீச்சர். ரியூசன் விட்டு வரக்குள்ள கூட்டிட்டுப் போனவங்க. எனக்குப் பதினாறு வயசு. அங்க சமைக்கத்தான் விட்டவங்க. பிறகு வீட்ட போகச் சொல்லி விட்டாங்க. வந்து ஒரு வருசம் ஆகக்குள்ள கடல் வந்து வீட்டையும் கொண்டு போயிட்டு. ஆரிட்டப் போய் என்னெண்டு பதியிறது? பதியப் போனவங்க எல்லாரும் திரும்பி வந்தவங்களா?"

"எழுதினது ஆரெண்டு எனக்குத் தெரியும் மகள். உனக்குத் தெரியோணும். அது உன்ட உரிமை. அது…"

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். நடுத்தெருவில், அத்தனை சனத்துக்குள், கை நோகும்படி பிடித்தாள்.

"சொல்லாதீங்க டீச்சர். நீங்க சொன்னா நான் அந்த ஆளோட நிண்டு வேலை செய்யேலா. அவர் போகோணும், இல்லாட்டி நான் போகோணும். எனக்கு அம்மா இருக்கா. போறதுக்கு வேற கடை இல்ல."

"அப்ப பதினாறு பேரையும் சந்தேகப்பட்டுட்டா இருக்கப் போறாய்?"

"அது எனக்குப் பழக்கம்தானே டீச்சர்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்று அழுதேன். யாராவது பார்த்தார்களா என்று தெரியாது.

மறுநாள் முதலாளியிடம் போய், தவராசாவைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். கூடையைக் கண்டு மிரளுகிற சனத்தை உள்ளே கூட்டிப்போக ஒரு தெரிந்த முகம் தேவை என்று காரணம் சொன்னேன். அது பொய்யுமில்லை. ஆனால் வாசலில் நிற்கிறவர் சுப்பவைசருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், அந்த இரண்டு பேரையும் ஒரே தளத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று பல நாள் நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன். அவர் இன்னொரு துண்டு எழுதியிருந்தால்? எழுத மாட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்து நம்பினேன். அதற்கு மேல் என்னிடம் ஒரு ஆதாரமும் இருக்கவில்லை. இந்தத் தொழிலில் பல நேரம் அவ்வளவுதான் கையில் இருக்கும்.

கடை நன்றாக ஓடியது. பெயர் கேட்டு வந்தவர்களும் காலப்போக்கில் வராமல் விட்டார்கள். ஏழு வருடம் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தார்கள். பிறகு தவராசா ஓய்வு பெற்றார். அன்று பின்னேரம் வசந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"தவராசா அண்ணன் இண்டைக்குப் போயிட்டார் டீச்சர். முதலாளி சால்வை போட்டவர். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கக்குள்ள என்ட கையப் பிடிச்சிட்டு, 'புள்ள, உன்னட்ட ஒரு விசயம் சொல்லோணும்' எண்டு அழத் தொடங்கிட்டார்."

அவசரமாகக் கேட்டேன். "என்ன சொன்னார்?"

"சொல்ல விடல்ல டீச்சர். 'தேத்தண்ணி ஆறுது, குடிங்க அண்ணே' எண்டன்."

நான் கேட்டேன். "உனக்குத் தெரியுமா மகள்?"

"நீங்க அண்டைக்கு என்ட பேர வாசிக்கக்குள்ள எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாத்தாங்க. அவர் மட்டும் நிலத்தப் பாத்துட்டு நிண்டார்."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறன் டீச்சர், கடையில சனம் நிக்குது" என்று போனை வைத்துவிட்டாள்.